மகளோடு தைத்த ஒட்டுத்துணிப் போர்வை

குடியாத்தம் லுங்கித் துண்டுகளும் அம்மாவின் பழைய நூல் புடவையும்தான் துணி. 8 வயது மகள் தைத்த முதல் வரிசையில் சதுரங்கள் சேரவே இல்லை. மூலைகள் கோணிக்கொண்டு நின்றன. அவள் முகம் வாடிவிட்டது. பிரித்துப் பார்த்தேன். வெட்டியது சரி, தையல்தான் துணி ஓரத்திலிருந்து ஓரிடத்தில் அரை அங்குலம், ஓரிடத்தில் நூலளவு என்று ஓடியிருந்தது.

அப்புறம் அட்டையில் நாலரை அங்குலச் சதுரம் வெட்டி, 5 அங்குலத் துண்டுகளின் பின்பக்கம் நடுவில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். சுற்றிலும் கால் அங்குலம் மிஞ்சும். இரண்டு துண்டுகளைக் கோடு வெளியே தெரிய ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை குண்டூசி குத்தி, கோட்டின் மேலேயே ஓட்டுத் தையல். புதுத் துணியானால் முதலில் அலசிவிடுங்கள், பிறகு சுருங்கினால் தையல் இழுக்கும். வேலூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

"அம்மா, மூலை சேந்துடுச்சு பாரு!" என்று கத்தினாள். 36 சதுரம், 27 அங்குலப் போர்வை. தம்பிக்காம்.