கருவுறுதல் விகிதம் 2.1-க்குக் கீழே போனால் மக்கள்தொகை உடனே குறையுமா? கணக்குப் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணிப்பைக் கொண்டுவந்து காட்டினார். அடுத்த பத்து வருடத்துக்குக் கோடு ஏறவே இல்லை. "கருவுறுதல் விகிதம் 2.1-க்குக் கீழே போயிடுச்சே சார்" என்றார். வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். கூட்டல் பிழை, விட்டுப்போன சைபர் எல்லாம் எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். இந்தப் பிழை படாது.

2.1-ஐ ஒரு வருடத்துக்கான கணக்காக எடுத்துக்கொள்வது

கருவுறுதல் விகிதம் என்பது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை. அது 2.1 என்றால் ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்டிக்கொள்ளும். தாய் தகப்பனுக்கு ஈடாக இரண்டு. ஆண் குழந்தைகள் சற்று அதிகம் பிறப்பதாலும், சில பெண்கள் பிள்ளை பெறும் வயதுக்கு முன்பே இறந்துவிடுவதாலும் அந்த 0.1. இது தலைமுறைக்கான கணக்கு. அடுத்த வருடம் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை இது சொல்லாது.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறு நகரத்தின் குடிநீர்த் திட்டத்துக்கு எண்ணிக்கை கேட்டார்கள். விகிதம் குறைந்துவிட்டதைப் பார்த்து, ஜனத்தொகை கூடப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். விடுப்பில் இருந்த மேலதிகாரி அம்மா திரும்பி வந்ததும் வயதுவாரி அட்டவணையை விரித்தார். 10–14, 15–19 வயதுப் பெண்கள் இருந்த வரியில் பென்சிலை வைத்தார்.

"தம்பி, இந்தப் பொண்ணுங்கல்லாம் கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெத்துக்க மாட்டாங்களா? ஆளுக்கு ஒண்ணுன்னு வச்சாக்கூட எத்தனை வருது, பாரு."

அதற்குக் கீழே, அறுபதைத் தாண்டியவர்களின் எண்கள் மிகச் சிறியவை. பிறக்கப்போகிறவர்கள் அதிகம், இறக்கப்போகிறவர்கள் குறைவு. எல்லாம் அந்த ஒரே தாளில் இருந்தது. ஆனால் அம்மா திரும்பி வருவதற்குள் என் எண் போய்ச் சேர்ந்துவிட்டது, தொட்டியும் அந்த அளவுக்கே எழும்பியது. சில வருடங்களில் கடைசித் தெருக்களுக்கு லாரித் தண்ணீர். குடங்கள் வரிசையில் நிற்பதை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றும் ஆறுவதில்லை.

ஜப்பானைப் பாருங்கள். 1970-களின் நடுவிலேயே 2.1-க்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கே இறப்பு பிறப்பை முதன்முதலாக மிஞ்சியது 2005-இல். சீனா 1990-களின் தொடக்கத்தில் இறங்கியது, அதற்குப் பிறகு அங்கே இறப்பு பிறப்பை மிஞ்சியது 2022-இல்தான். கேரளத்தில் 1990-ஐ ஒட்டியே விகிதம் இறங்கிவிட்டது. அப்படியும், பிழைப்புக்காக அத்தனை பேர் வெளியே போன பிறகும், 1991-இல் 2.91 கோடியாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 3.34 கோடி ஆனது.

இறங்கும்போதும் இதே கதைதான். ஜப்பானில் இன்று ஒவ்வொரு தாயும் கூடுதலாக ஒரு பிள்ளை பெற்றாலும், தாயாகும் வயதில் இருப்பவர்களே குறைந்துவிட்டதால் எண்ணிக்கை சட்டென்று நிமிராது. அதனால் மொத்த எண்ணைத் தொடும் முன் வயதுவாரி அட்டவணையைத் திறங்கள். அந்தப் பெண்ணிடமும் அதைத்தான் சொன்னேன்.

இறப்பு விகிதம் குறைவென்றால் ஆரோக்கியம் அதிகம் என்பது

2020-இன் மாதிரிப் பதிவுக் கணக்கில் (சில இடங்களை மட்டும் எடுத்துப் பிறப்பு இறப்பைப் பதியும் அரசுக் கணக்கு) ஆயிரம் பேருக்குக் கேரளத்தில் 7 இறப்பு, பீகாரில் 5.4. பீகாரில் வைத்தியம் மேலானதா? ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் கேரளத்தில் 6, பீகாரில் 27. கேரளத்தில் முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான்.

ஜனப்பெருக்கம் என்றாலே பிறப்பு கூடியது என்று எழுதுவது

பெரும்பாலும் கூடுவது பிறப்பல்ல, குறைவது இறப்பு. இலங்கையில் 1946-இல் ஆயிரத்துக்குச் சுமார் 20 ஆக இருந்த இறப்பு, அடுத்த வருடமே சுமார் 14 ஆனது. டிடிடி தெளித்து மலேரியாவை அடக்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிழைத்த குழந்தைகள் வளர்ந்து அவர்களும் பிள்ளை பெற்றார்கள்.

சராசரி ஆயுள் 32 என்றால் கிழவர்களே இல்லை என்பது

இருந்தார்கள். இந்தியாவில் சுதந்திரத்தை ஒட்டிய அந்த எண்ணைக் கீழே இழுத்தது குழந்தைச் சாவு.

இடம்பெயர்ந்தவர்களை இயற்கை வளர்ச்சியில் சேர்ப்பது

சேர்க்காதீர்கள். இயற்கை வளர்ச்சி என்பது பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தது மட்டும்.