மேல் தொட்டி வழியாமல், சம்ப் வறளாமல்: மோட்டாரைத் தானாக ஓடவைக்கும் ஃப்ளோட் இணைப்பு

காலையில் மோட்டார் போட்டவர் குளிக்கப் போய்விடுவார், அடுப்படியில் இருப்பவருக்கு அது போட்டதே தெரியாது. மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால்தான் யாராவது ஓடுவார்கள். தண்ணீர் மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும்போது தானாகச் சேர்ந்து பிரியும் ஃப்ளோட் சுவிட்ச் இதற்கு நல்ல தீர்வு. ஆனால் அதைப் பெரும்பாலான வீடுகளில் மாட்டியிருக்கும் விதம் சரியில்லை. மோட்டாருக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் ஃப்ளோட்டைக் கோத்துவிடுகிறார்கள். மோட்டாரின் முழு மின்னோட்டமும் தொட்டிக்குள் கிடக்கும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகப் போகிறது.

ஒரு எச்பி மோனோபிளாக் மோட்டார் ஓடும்போது சுமார் 6 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. ஃப்ளோட்டின் மேல் அச்சடித்திருப்பதைக் கவனித்தால் பல மாடல்களில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண் பல்பு, ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் சின்ன எண்தான் மோட்டாருக்கு. கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் பெரிய எண்ணைத்தான். ஒவ்வொரு முறை மோட்டார் கிளம்பும்போதும் உள்ளே பொறி பறந்து, ஒருநாள் காண்டாக்ட் (சேர்ந்து பிரியும் உலோக முனை) ஒட்டிக்கொள்ளும். பிறகு ஃப்ளோட் மேலே போனாலும் மோட்டார் நிற்காது, தொட்டி மறுபடி வழியும். அதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம், குடிக்கவும் குளிக்கவும் வைத்திருக்கும் தண்ணீருக்குள் 230 வோல்ட் வயர் கிடப்பது. ஃப்ளோட்டின் கேபிள் உறை ஒருநாள் வெடித்தால் குழாயைத் தொடுபவருக்கு ஆபத்து.

எனவே ஃப்ளோட் கட்டளை மட்டும் கொடுக்கட்டும், சுமையைக் காண்டாக்டர் (மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்) தூக்கட்டும். தண்ணீருக்குள் 12 வோல்ட்டுக்கு மேல் எதுவும் போக வேண்டாம்.

இங்கே சொல்வது சம்பிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றும் சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் அல்லது செல்ஃப் பிரைமிங் மோட்டாருக்கு. சுவிட்சைப் போட்டதும் தானாகக் கிளம்பும் மோட்டார் எல்லாம் இந்த வகை. போர்வெல் சப்மெர்சிபிளின் பேனலில் பச்சைப் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் கிளம்பும் என்றால், அதில் ஸ்டார்ட் கப்பாசிட்டர் தனியாக இருக்கிறது. அதற்கு இந்த இணைப்பு ஒத்துவராது. தானாகக் கிளம்பும் பேனல்தான் வாங்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

கேபிள் ஃப்ளோட் சுவிட்ச் இரண்டு, ஐந்து மீட்டர் கேபிளும் எடைக்கட்டியும் சேர்ந்தது. 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர். 12 வோல்ட் டிசி சுருள் கொண்ட எட்டுப் பின் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அதற்கான பேஸ். மோட்டார் சுமைக்கு 12 ஆம்பியர் தாங்கும், 230 வோல்ட் சுருள் உள்ள மூன்று போல் (மின்சாரம் போக மூன்று தனி வழி) காண்டாக்டர். அதன் அடியில் பொருந்தும், மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோட் ரிலே. மோட்டார் பிளேட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் அதன் திருகில் வைக்கக்கூடிய அளவுக்குள் வர வேண்டும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிப்பது), மூன்று நிலைத் திருகு சுவிட்ச், மோட்டார் குறித்த நேரத்துக்கு மேல் ஓடினால் நிறுத்தும் 230 வோல்ட் டைமர் ஒன்று. மோட்டார் வழிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். ஃப்ளோட் வழிக்கு 0.75 போதும், ரிலே சுருள் இழுப்பது 100 மில்லி ஆம்பியருக்கும் குறைவு, முப்பது மீட்டர் தூரம் போனாலும் வோல்ட் குறைவது கணக்கில் வராது.

காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் டைமரை விடலாம். ஆர்சிசிபியை விடக்கூடாது. வீட்டின் மெயின் போர்டில் ஏற்கெனவே இருந்தால் அதன் சோதனைப் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளோட்டைத் தெரிந்துகொள்வது

ஃப்ளோட் கேபிளில் மூன்று வயர் இருக்கும். பெரும்பாலும் கறுப்பு பொது. பழுப்பு, நீலம் இரண்டில் ஒன்று ஃப்ளோட் தொங்கும்போது சேரும், மற்றது மேலே மிதக்கும்போது சேரும். நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. மல்டிமீட்டரைக் கண்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, ஃப்ளோட்டைக் கையில் தொங்கவிட்டும் தூக்கியும் பாருங்கள். மேல் தொட்டிக்கு வேண்டியது தொங்கும்போது சேரும் ஜோடி: தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடு. சம்புக்கு வேண்டியது மிதக்கும்போது சேரும் ஜோடி: தண்ணீர் இருக்கிறது, ஓடலாம். இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. பயன்படாத மூன்றாவது வயரின் நுனியை டேப் சுற்றி மூடுங்கள்.

அடுத்தது எடைக்கட்டி. மோட்டார் எப்போது கிளம்பும், எப்போது நிற்கும் என்பதை முடிவு செய்வது இதுதான், ஆனால் இதை யாரும் அளந்து கட்டுவதில்லை. எடைக்கட்டி நிற்கும் இடத்தை நடுவாக வைத்து ஃப்ளோட் மேலும் கீழும் சாயும். எடைக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவே 25 சென்டிமீட்டர் கேபிள் விட்டால், ஓடும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் வித்தியாசம் கிடைக்கும். வெறும் 5 சென்டிமீட்டர் விட்டால் யாராவது ஒரு வாளி பிடித்தாலே மோட்டார் கிளம்பும். அடிக்கடி கிளம்பி நிற்கும் மோட்டாரின் வைண்டிங் சூடாகிக்கொண்டே இருக்கும்.

லிட்டரில் கணக்கிட, தொட்டியைச் சுற்றி ஒரு டேப் பிடியுங்கள். சுற்றளவை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 12.57 ஆல் வகுத்தால் பரப்பு. 1000 லிட்டர் தொட்டி ஒன்றின் சுற்றளவு 3.45 மீட்டர் என்றால் பரப்பு 0.95 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 95 லிட்டர். 35 சென்டிமீட்டருக்கு சுமார் 330 லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றினால் பதினொரு நிமிட ஓட்டம். ஒரு வீட்டுக்கு இது நல்ல அளவு.

தொட்டியிலும் சம்பிலும் கட்டுவது

மேல் தொட்டியில், ஓவர்ஃப்ளோ குழாய்க்கு எட்டுப் பத்து சென்டிமீட்டர் கீழேயே மோட்டார் நிற்கும்படி எடையின் உயரத்தை வையுங்கள். தண்ணீர் விழும் குழாய்க்கு எதிர்ப்பக்கம் கேபிளை இறக்க வேண்டும். கொட்டும் தண்ணீருக்கு அடியில் ஃப்ளோட் இருந்தால் அலையில் ஆடி, நிரம்பும் நேரத்தில் காண்டாக்டர் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அது காண்டாக்டரைக் கொன்றுவிடும். இடம் மாற்ற முடியாவிட்டால் குழாய் நுனியில் ஒரு எல்போ மாட்டித் தண்ணீரைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். மாநகராட்சித் தண்ணீர் நேராக ஏறும் தொட்டியாக இருந்து உள்ளே பால் வால்வு இருந்தால், அதன் கம்பியில் கேபிள் சிக்காத தூரம் வேண்டும். மூடியில் சின்ன ஓட்டை போட்டு கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுகும் மரை) வழியாகக் கேபிளை இறுக்குங்கள். மூடி இடுக்கில் நசுக்கி விட்டால் கொசுவும் நுழையும், உறையும் அறுபடும்.

சம்பில், ஃபுட் வால்வுக்கு (உறிஞ்சும் குழாயின் அடி நுனியில் இருக்கும் வால்வு) மேல் குறைந்தது 20 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கும்போதே நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உறிஞ்சும் இடத்தில் சுழல் விழுந்து காற்றும் சேர்ந்து ஏறும். தண்ணீர் இல்லாமல் சுற்றும் மோட்டாரில் முதலில் போவது சீல். இங்கே எடைக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவே 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இல்லையென்றால் தண்ணீர் நூல்போல் வரும் நாளில் மோட்டார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பி நிற்கும்.

இந்த வேலையை மூடியருகே இருந்தே முடிக்கலாம். சம்புக்குள் இறங்காதீர்கள். மூடியே கிடந்த சம்பில் மூச்சுக்காற்று குறைந்திருக்கலாம்.

ஃப்ளோட் கேபிளோடு நீட்டிப்பு வயரைச் சேர்க்கும் இணைப்பு தொட்டிக்கு வெளியே, மழை புகாத பெட்டிக்குள் இருக்க வேண்டும், தண்ணீருக்குள் ஒருபோதும் கூடாது. மாடியில் போகும் வயரைப் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். வெயிலில் திறந்து கிடக்கும் வயரின் உறை நாளடைவில் வெடிக்கும்.

பேனல் பெட்டிக்குள் வயரிங்

முதலில் 12 வோல்ட் பக்கம். அடாப்டரின் பிளஸ் சம்ப் ஃப்ளோட்டுக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி வருவது திருகு சுவிட்சின் பொது முனைக்கு. சுவிட்ச் "ஆட்டோ"வில் இருந்தால் மேல் தொட்டி ஃப்ளோட் வழியாக ரிலே சுருளின் ஒரு முனைக்குப் போக வேண்டும். "கை" நிலையில் மேல் ஃப்ளோட்டைத் தாண்டி நேராக அதே முனைக்கு. நடு நிலையில் எதற்கும் இல்லை. சுருளின் மறுமுனை அடாப்டரின் மைனஸ். இப்படிச் செய்தால் அவசரத்துக்குக் கையால் போட்டாலும் சம்ப் ஃப்ளோட்டின் காவல் விலகாது. மேல் ஃப்ளோட் கெட்டுப்போன நாளில் வீட்டில் யார் வேண்டுமானாலும் சுவிட்சைத் திருப்பித் தண்ணீர் ஏற்றிக்கொள்ளலாம். ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒன் என் 4007 டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் சிறு பாகம்) ஒன்றை, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வரும்படி வையுங்கள். சுருள் விடும்போது எழும் வோல்ட் ஃப்ளோட்டின் காண்டாக்டை அரிக்காமல் இருக்கும். திருப்பிப் போட்டால் அடாப்டர் ஷார்ட் ஆகும்.

இனி 230 வோல்ட் பக்கம். மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்தபிறகே கை வையுங்கள். இதில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. எம்சிபியிலிருந்து வரும் ஃபேஸ் ரிலேயின் காண்டாக்ட், டைமரின் காண்டாக்ட், ஓவர்லோடின் 95, 96 முனைகள் எல்லாவற்றையும் தொடர்ச்சியாகக் கடந்து காண்டாக்டர் சுருளின் ஏ1 முனைக்குப் போகிறது. ஏ2 நியூட்ரலுக்கு.

மோட்டார் வழியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓவர்லோட் ரிலே மூன்று ஃபேஸுக்காகச் செய்தது. மூன்று போலிலும் மின்னோட்டம் ஓடாவிட்டால் ஒரு ஃபேஸ் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு, காரணமில்லாமல் விழும். அதனால் ஃபேஸ் முதல் போல் வழியாக மோட்டாருக்குப் போகட்டும். நியூட்ரலை இரண்டாவது போல் வழியாக இறக்கி, ஓவர்லோடிலிருந்து வெளிவருவதை மேலே கொண்டுபோய்க் காண்டாக்டரின் மூன்றாவது போலில் கொடுத்து, அங்கிருந்து இறங்கி வருவதை மோட்டாருக்குக் கொடுங்கள். ஓவர்லோடின் திருகை மோட்டார் பிளேட்டில் இருக்கும் ஆம்பியருக்கு நேராக வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எர்த் வயர் எதன் வழியும் போகாமல் நேராக மோட்டார் உடலுக்கு.

டைமர், ரிலே கொடுக்கும் ஃபேஸில் உயிர்பெற்று, குறித்த நேரம் மட்டும் காண்டாக்டைச் சேர்த்து வைத்திருந்து பிறகு விடும் இன்டர்வல் முறையில் இருக்க வேண்டும். ஃபுட் வால்வு ஒழுகி மோட்டார் காற்றை மட்டும் இழுக்கும் நாளை ஃப்ளோட்டால் கண்டுபிடிக்க முடியாது: சம்பில் தண்ணீர் இருக்கிறது, மேலே ஏறவில்லை, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கமாக நிரம்பும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு வைத்தால் அது நிறுத்திவிடும். பதினொரு நிமிடத்துக்கு 25 நிமிடம் என்று வைக்கலாம். தொட்டி கழுவிய பிறகு முழுதாக நிரப்பும்போது இடையில் நின்றால், சுவிட்சை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி திருப்பினால் போதும். அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் சொருக வேண்டாம், மோட்டாரின் எம்சிபிக்குப் பின்னாலிருந்தே எடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றி, நுனிகளை டேப் சுற்றி வைத்துவிட்டு, திருகு சுவிட்சை "ஆட்டோ"வில் வைத்து மின்சாரம் கொடுங்கள். ஒருவர் மாடியில், ஒருவர் சம்பருகே. மேல் ஃப்ளோட் தொங்கி, சம்ப் ஃப்ளோட் மிதந்தால் மட்டும் காண்டாக்டர் டக்கென்று இழுக்க வேண்டும். மற்ற மூன்று சேர்க்கையிலும் விட வேண்டும். நான்கையும் பார்த்தபிறகு மெயினை இறக்கி மோட்டாரை இணைத்து, முதல் இரண்டு முறை நிரம்பி நிற்கும்வரை அருகிலேயே இருங்கள்.

பின்னால் வரும் கோளாறுகள்

காண்டாக்டர் இழுக்கவே இல்லையென்றால் 12 வோல்ட்டை அடாப்டரிலிருந்து படிப்படியாகத் தொடருங்கள். எந்த ஃப்ளோட்டுக்குப் பின் வோல்ட் காணாமல் போகிறதோ அங்கேதான் குறை. ஃப்ளோட்டைக் கழற்றி ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் வந்தால் தூக்கிப் போடுங்கள், ஒட்டிப் பிழைக்காது. காண்டாக்டர் இழுத்து, மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர். பழையதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட், வோல்ட் அளவையே வாங்க வேண்டும். மெயினை இறக்கிய பிறகும் அதில் மின்னூட்டம் நிற்கும் என்பதால், இரு முனைக்கும் குறுக்கே ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொட்டு வடியவிட்டபின் கழற்றுங்கள்.

காண்டாக்டர் இரைந்தால் அதன் முகத்தில் தூசி, அல்லது எறும்பு. நம் ஊரில் பேனல் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறுவது சகஜம். வயர் நுழையும் ஒவ்வொரு ஓட்டைக்கும் கிளாண்ட் போட்டு, போடாத ஓட்டையை அடைத்துவிடுங்கள். பல்லி முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் பெட்டியே கருகும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவும்போது எடைக்கட்டியை நகர்த்திவிடுவார்கள். கழுவ ஆள் வருவதற்கு முன்பே, எடை நிற்க வேண்டிய இடத்தில் கேபிளில் நிறமுள்ள டேப் ஒன்றைச் சுற்றி வையுங்கள். கழுவுவதற்கு முன் எம்சிபியை இறக்கவும் சொல்லுங்கள். தொட்டி காலியானதும் ஃப்ளோட் தொங்கும், உள்ளே ஆள் இருக்கும்போதே மோட்டார் கிளம்பிவிடும்.