லோடு இழுக்கும் வண்டியின் பின் கிரௌன்: சூட்டையும் ஆயிலையும் கவனிப்பது எப்படி?

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் இன்ஜின் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், கிலோமீட்டரோடு பதில் வரும். கிரௌன் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு டேஷ்போர்டில் முள்ளும் கிடையாது, விளக்கும் கிடையாது. டிரைலர் கட்டி இழுக்கும் வண்டியில் இன்ஜினுக்கு நிகராக அடி வாங்குவது பின் அச்சில் இருக்கும் இந்த கிரௌன்தான், அதாவது இன்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி. முதல் வண்டி வாங்கிச் சொந்தமாக ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறைக்குப் போகாமலே செய்துவிடக்கூடிய வேலை இது.

சூடு எங்கிருந்து வருகிறது

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டான கார்டன் ஷாஃப்ட் வழியாக வரும் சுற்றுவிசையைப் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் வாங்கி, கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கிறது. இவற்றின் பற்கள் உருள்வதோடு, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த உரசலில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சக்தி வெப்பமாகப் போகும். 100 கிலோவாட் கடத்தும் வண்டியில் மூன்று நான்கு கிலோவாட். மூன்று நான்கு கரண்ட் இஸ்திரிப் பெட்டிகளை பற்களை மூடியிருக்கும் இரும்புக் கூடான அந்த ஹவுசிங்குக்குள் போட்டு மூடி வைத்தது போல.

இந்தச் சூட்டை வெளியே கொண்டு போவது ஹவுசிங் மேல் படும் காற்று மட்டும்தான். ரேடியேட்டர், ஃபேன் எதுவும் அங்கே இல்லை. சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் மேட்டில் முழு லோடோடு ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். இன்ஜின் முழுச் சக்தியையும் தள்ளுகிறது, வண்டியோ ஊர்ந்து போகிறது. காற்று குறைவு, சூடு அதிகம். ஏப்ரல், மே மாதத்தில் வெளியே 40 டிகிரி இருந்தால் இன்னும் மோசம். ஹவுசிங் மேல் சேறும் கிரீஸும் கெட்டியாக ஒட்டியிருந்தால் இருக்கிற கொஞ்சக் காற்றும் இரும்பைத் தொடாது. அதனால் வாட்டர் சர்வீஸ் விடும்போது கேபினை மட்டும் பளபளவென்று ஆக்காமல், பின் அச்சையும் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள். அச்சு நன்றாக ஆறிய பிறகு கழுவ வேண்டும். சூடான அச்சில் தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகவும், அச்சு மூச்சு விடும் துளையான பிரீதர் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

ஆயில் கெடும் வேகம், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. சம தரையில் லேசான லோடு அடிக்கும் வண்டிக்குச் சொன்ன கிலோமீட்டர், டிரைலர் இழுக்கும் வண்டிக்குப் பொருந்தாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் கடின உபயோகத்துக்கென்று தனிக் கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள். இல்லையென்றால் சாதாரணக் கணக்கில் பாதி தூரத்தில் மாற்றுவது என் பழக்கம். புதிதாகக் கிரௌன் பினியன் போட்ட வண்டிக்கு முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட வேண்டும். பல் பழகும்போது வரும் இரும்புத் தூள் அதில்தான் இருக்கும்.

எந்த ஆயில்

டப்பாவில் ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரம் போட்டிருக்கிறதா பாருங்கள். வழுக்கிக்கொண்டே அழுத்தும் பற்களுக்கு நடுவில் நிற்கக்கூடிய கந்தகச் சேர்மானம் அதில் கூடுதலாக இருக்கும். மூடியைத் திறந்ததும் வரும் அந்த நாற்றம் அதுதான். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்டிருந்தால் மிச்சமான கிரௌன் ஆயிலை அதில் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும். ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்ணில் 80டபிள்யூ-90 போடுவதா, அதைவிடக் கெட்டியான 85டபிள்யூ-140 போடுவதா என்பதையும் புத்தகமே சொல்லும். கெட்டியான ஆயில் என்றால் நல்லது என்று நினைத்து மாற்றிப் போட வேண்டாம்.

இனி வேலை

பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சமதரையில் நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். மேட்டிலிருந்து இறங்கிய கையோடு திறக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள், சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

முதலில் திறக்க வேண்டியது மேலே இருக்கும் ஊற்றும் பிளக்கை. இது முக்கியம். கீழே வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியதுதான். பிளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.

அப்புறம் கீழ் பிளக். பழைய ஆயில் வாளியில் இறங்கும்போது நன்றாகப் பாருங்கள், வண்டி அங்கேதான் பேசுகிறது. கறுத்திருந்தால் வயசாகிவிட்டது, அவ்வளவுதான். தீய்ந்த நாற்றம் அடித்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கீழ் பிளக்கில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். அதில் மை போல நைசான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு, துடைத்துவிடுங்கள். செதிலாகவோ துண்டாகவோ இரும்பு வந்தால் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை, பற்களையும் பேரிங்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வடித்த ஆயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். கிணற்றையும் போரையும் நம்பி இருக்கும் ஊர் நம்முடையது. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்க உரிமம் வாங்கியவர்களிடம் கொடுங்கள்.

ஆயில் வடியும் நேரத்தில் பிரீதரைக் கழற்றுங்கள். அச்சின் மேல்பக்கம் இருக்கும் சின்ன மூடி அது. புழுதியில் அடைத்துக்கொண்டால் உள்ளே சூடான காற்று போக வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இருக்கும் சீலைத் தாண்டிய ஆயில் நேராக பிரேக் லைனரில் போய் ஊறும். லோடு வண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதற்கு இந்தச் சின்ன மூடி காரணமாகலாம் என்பதைப் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு யாராவது சொல்லியே ஆக வேண்டும். டீசலில் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும்.

கீழ் பிளக்கைப் புதுக் காப்பர் வாஷரோடு முடுக்கி, மேலே ஆயில் ஊற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்து மெல்ல வழிய ஆரம்பித்தால் சரி. பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள், இரண்டு பக்கக் குழாய்க்கும் ஆயில் ஓடியதும் மட்டம் கொஞ்சம் இறங்கும், திரும்ப விளிம்பு வரை ஊற்றுங்கள். விளிம்புக்கு மேல் நிரப்பினால் பல்சக்கரம் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிச் சூட்டைக் கூட்டிவிடும். பின்னால் இரண்டு அச்சும் இழுக்கும் வண்டியில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

டயரும் ஒரு காரணம்

இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பக்கம் புது டயர், இன்னொரு பக்கம் தேய்ந்த ரீட்ரெட் டயர் போட்டால் சுற்றளவு வேறுபடும். நேர் ரோட்டிலும் உள்ளே இருக்கும் சின்ன கியர்கள் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். திருப்பத்துக்கு மட்டும் வேலை செய்ய வேண்டியவை அவை. ஒரே அச்சில் உயரம் ஒத்த டயர்களைப் போடுங்கள்.

சூட்டை அளப்பது

தூரத்திலிருந்து அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று வாங்கி கேபினில் வையுங்கள். ஏற்றம் முடிந்து பாதுகாப்பான இடத்தில் நிறுத்தியதும் பினியன் மூக்கு (கார்டன் ஷாஃப்ட் வந்து சேரும் முன்பகுதி), ஹவுசிங், இரண்டு பக்க ஹப் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். எப்போதும் அதே இடங்களில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு ஹப் மட்டும் சூடு என்றால் பிரேக் ஒட்டுகிறது அல்லது ஹப் பேரிங் போகிறது. பினியன் மூக்கு மட்டும் என்றால் அங்கே இருக்கும் பேரிங். எல்லாம் சேர்ந்து, அதே மேட்டில் அதே லோடுக்கு, முன்னை விட நன்றாகக் கூடியிருந்தால் முதலில் ஆயில் மட்டம், அடுத்து பிரீதர், அதற்கப்புறம்தான் மெக்கானிக்.