பார் இல்லாமல் நிற்க: பாலே சென்டரில் டர்ன்அவுட்டும் சமநிலையும்

பாலே வகுப்பில் பாரை, அதாவது கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கும்போது ஐந்தாம் நிலையில் (ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களை ஒட்டி முன்பின்னாக நிற்பது) பாதங்கள் அழகாக விரிந்திருக்கும். சென்டருக்கு, அதாவது கம்பி இல்லாமல் ஆடும் நடு இடத்துக்கு வந்து ஒற்றைக் காலைத் தூக்கியதும் ஆட்டம் கண்டுவிடும். பெரியவர்களுக்குப் பாலே சொல்லிக்கொடுக்கும் என்னிடம் மாணவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இடுப்பால் தாங்க முடியாத கோணத்துக்குப் பாதத்தைத் திருப்பி வைத்து, மிச்சத்தைப் பாரில் இருக்கும் கையால் சமாளிக்கிறோம்.

ஆகவே முதலில் உங்கள் உண்மையான டர்ன்அவுட்டை, அதாவது இடுப்பிலிருந்து கால்கள் எவ்வளவு வெளிப்பக்கம் திரும்பும் என்பதைக் கண்டுபிடியுங்கள். பாதங்களை இணையாக வைத்து, முழங்காலை நீட்டி நில்லுங்கள். குதிகால் ஊன்றியிருக்க, தொடைகளை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்பக்கம் சுழற்றுங்கள். தொடை திரும்புவதைப் பின்தொடர்ந்து பாதமும் திரும்பட்டும். அது எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் கோணம். 180 டிகிரி வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் அமைந்திருக்கிறது, இடுப்புக் குழி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு.

பிளியேவில் (முழங்காலை மடக்கி இறங்கும் நிலை) பாதங்களை அகல விரித்து வைத்துவிட்டு, அப்படியே காலை நீட்டும் வழக்கத்தை இன்றே விடுங்கள். இடுப்பு மடங்கும்போது மூட்டின் முன்பக்கத் தசைநார் தளர்வதால் தொடை கூடுதலாகத் திரும்பும். நீட்டியதும் அது இறுகும், தொடை உள்ளே வரும், பாதம் மட்டும் தரையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். நடுவில் முறுக்கப்படுவது முழங்கால். பரதம் ஆடியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். அரைமண்டியில் கிடைக்கும் விரிவு, கால் நீட்டி நிற்கும்போது அப்படியே கிடைக்காது. முழங்காலின் உட்பக்கம் வலித்தால் கோணத்தைக் குறையுங்கள். வலி தொடர்ந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

சரி, இனி ஊன்றிய கால். தூக்கும் காலைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சென்டரில் வேலை முழுக்க ஊன்றிய காலுக்குத்தான். குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, இந்த மூன்றும் தரையில் பதிந்திருக்க வேண்டும். பாதத்தின் வளைவு உள்ளே சரிந்தால் டர்ன்அவுட் போய்விட்டது என்று அர்த்தம். ஐந்தாம் நிலையிலிருந்து ரெத்திரேவுக்கு (தூக்கிய காலின் விரல்நுனி ஊன்றிய காலின் முழங்காலைத் தொடும் நிலை) மெதுவாக, நான்கு எண்ணிக்கையில் காலை ஏற்றுங்கள். ஏற்றும் முன்பே எடை ஊன்றிய காலின் மேல் வந்திருக்க வேண்டும். ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தின் கீழ்ப்பகுதியில் கையை வைத்துப் பாருங்கள்; உள்ளே ஆழமாக ஒரு பிடிப்பு தெரியும். தொடையை வெளியே சுழற்றும் ஆறு சிறு தசைகள் அங்கேதான் இருக்கின்றன. பிட்டம் முழுவதையும் இறுக்கினால் இடுப்பு முன்னே தள்ளும், அது வேண்டாம்.

அந்தத் தசைகளுக்கு வீட்டில் கிளாம்ஷெல் பயிற்சி போதும். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுங்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு முறை. இடுப்பு பின்னால் உருளக்கூடாது.

ரெலெவேயில், அதாவது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எழும்போது, விரல்களைச் சுருட்டித் தரையைப் பிடிக்காதீர்கள். நீளமாக வைத்து, இரண்டாம் விரலுக்கு நேராகக் கணுக்காலை ஏற்றுங்கள்.

அப்புறம், கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று பழகுங்கள். அது பழகியதும், பாதம் முழுதும் தரையில் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு ரெத்திரேவில் நில்லுங்கள். பார்வையின் துணை இல்லாதபோது, கணுக்காலும் இடுப்பும் செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்கள் உங்களுக்கே தெரியவரும்.