பாலை விட்டுச் சோயாவுக்கு மாறலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் மோரையும் நெய்யையும் விட்டிருக்கவே வேண்டாம். பாலில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அது பாலில் இருக்கும் சர்க்கரையா, புரதமா, கொழுப்பா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பெரும்பாலும் சர்க்கரைதான், அதாவது லாக்டோஸ். 200 மி.லி. டம்ளர் பாலில் சுமார் 10 கிராம் இருக்கும். அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி, குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது, தண்ணீரையும் இழுக்கிறது. குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றில் இரைச்சல், உப்புசம், பேதி என்று வருவது இதனால்தான். தயிர் உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகள் தின்றுவிடுகின்றன. மீதியைக் குடலுக்குள் செரிக்கவும் உதவுகின்றன. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே இந்தத் தொல்லைக்காக மோர் சாதத்தைத் துறக்கத் தேவையில்லை.

புரத ஒவ்வாமை வேறு கதை. பால் பட்டதும் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் பால், தயிர், பனீர் எதுவும் ஆகாது. நெய்யில்கூடப் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். இவர்கள் வீட்டில் எந்தச் சோதனையும் செய்யக்கூடாது. ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். பால் ஒவ்வாத குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது என்பதால் சோயாவையும் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், சோயாவுக்குப் போகும் முன் பாக்கெட்டின் நிறத்தைப் பாருங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம். நிறம் மாற்றினாலே பாதி குறைந்துவிடும். மாடுகள் மீதுள்ள அக்கறையால் பாலை விடுகிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். நேராகக் கால்சியம் பகுதிக்குப் போகலாம்.

லாக்டோஸ்தானா என்று பார்க்க

14 நாள் பால், காபி, டீ, பால்கோவா, ஐஸ்கிரீம், பால்பவுடர் சேர்ந்த பிஸ்கட், சத்துமாவு பானம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிஸ்கட் உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படிக்காமல் விட்டால் சோதனையே கெட்டுவிடும். 15ஆம் நாள் காலை வெறும் வயிற்றில் 200 மி.லி. பாலை, சர்க்கரையும் காபித்தூளும் சேர்க்காமல் குடித்துவிட்டு நான்கு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் கவனியுங்கள். தொல்லை திரும்பி வந்தால் லாக்டோஸ் என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்ய மருத்துவமனையில் மூச்சுக்காற்றில் ஹைட்ரஜன் அளக்கும் பரிசோதனை இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்து தேறியவர்கள் சில வாரம் பொறுத்தே இதைச் செய்யுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் லாக்டேஸ் தற்காலிகமாகக் குறையும்.

லாக்டோஸ் என்று தெரிந்தபின் சாப்பாட்டுக்குப் பிறகு அரை டம்ளர் குடித்துப் பாருங்கள். பலருக்கு அந்த அளவு தாங்கும். லாக்டோஸ் நீக்கிய பாலும் கடையில் கிடைக்கிறது. இவை எதுவும் சரிவரவில்லை என்றால் சோயா நல்ல மாற்று. செடியிலிருந்து வரும் பால்களில் புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் நிற்பது அதுதான். 100 மி.லி.யில் இரண்டிலும் ஏறக்குறைய 3 கிராம் புரதம்.

குறைவது கால்சியமும் பி12-உம்

100 மி.லி. பசும்பாலில் சுமார் 120 மி.கி. கால்சியம். வீட்டில் அரைத்த சோயா பாலில் 25 மி.கி. அளவுதான் இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இரண்டு டம்ளர் பாலை விட்டால் ஏறத்தாழ 480 மி.கி.யை வேறெங்காவது தேடியாக வேண்டும். கடையில் வாங்கினால் கால்சியம் சேர்த்ததா, 100 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் அது பெட்டியிலேயே தங்கிவிடும். டோஃபு என்ற சோயா பனீர் வாங்கும்போது கால்சியம் சல்பேட் போட்டு உறைய வைத்ததா என்று பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு, புளிக்க வைத்துக் கூழாகக் குடித்தால் உடம்பில் நன்றாகச் சேரும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் கைகொடுக்கும். மீல்மேக்கரில் புரதம் ஏராளம். ஆனால் பால் தந்த கால்சியத்துக்கு அதை நம்ப முடியாது.

பி12 சோயாவில் இயற்கையாக இல்லை. முட்டை, மீன், கறி எதுவும் தொடாதவர்கள் பாலையும் முழுதாக விட்டால், பி12 மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம் வேண்டும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரிய ஆண்டுகள் ஆகும். கைகால் மரத்துப்போன பிறகு பார்ப்பதைவிட இப்போதே ரத்தத்தில் அளவு பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் அரைக்க

100 கிராம் சோயாபீன்ஸை 8 மணி நேரம் ஊறவையுங்கள். வெயில் காலத்தில் அதற்கு மேல் போனால் புளித்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் கொஞ்சம் அதோடு போகும். தேய்த்துத் தோலை நீக்கி, கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு வடியுங்கள். பச்சையாக அரைத்தால் அதிலுள்ள நொதி எண்ணெய்ச் சத்தோடு வினைபுரிந்து அந்தப் பச்சை வாடையைக் கொண்டுவரும். சூடு அந்த நொதியை அடக்கிவிடும். பிறகு 800 மி.லி. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்து, துணியில் பிழியுங்கள். மிக்ஸியை நிரப்பினால் சூட்டில் மூடி தெறிக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

அடுப்பில் வைத்ததும் கொதி வருவதற்கு முன்பே நுரை பொங்கி வழியும். பலர் அதைப் பார்த்துக் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடுகிறார்கள். அது வேகாத பால். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் அப்படியே இருப்பதால் குமட்டலும் வாந்தியும் வரும். தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிளறி, நிஜமாகக் கொதிக்க ஆரம்பித்த பின் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். திப்பியை அடைமாவில் கலந்துவிடலாம்.

காபியும் தயிரும்

டிகாஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்தால் சோயா பால் திரிந்துவிடும். பாலைக் கொதிக்க வைக்காமல் வெதுவெதுப்பாக்கி, டிகாஷனைப் பாலில் மெல்ல ஊற்றுங்கள். டீ என்றால் தனியாகக் கொதிக்க வைத்து வடிகட்டிவிட்டுக் கடைசியில் பாலைச் சேர்க்க வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் திரிய வைக்கும். சர்க்கரையோடு அந்தத் தொல்லை குறைவு.

தயிருக்கு அரை லிட்டர் சோயா பாலைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்து ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி உறைமோர் சேர்த்து 8 முதல் 10 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். லாக்டோஸ் இல்லாததால்தான் அந்தச் சர்க்கரை. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உறைமோர் கூடாது. ஏழெட்டு மிளகாய்க் காம்பு போடுங்கள். முதல் தடவை தளதளவென்றுதான் வரும், அதையே அடுத்ததற்கு உறையாக வையுங்கள். மோர்க்குழம்புக்கு இந்தத் தயிரைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும்.

யார் கேட்டுக்கொண்டு மாற வேண்டும்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பால்மாவுக்கோ பதிலாகக் கடைச் சோயா பானமோ வீட்டில் அரைத்ததோ கொடுக்கவே கூடாது. சோயா ஆண்களின் ஹார்மோனைக் குறைக்கும் என்ற பயத்துக்கு மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: சோயாவும் கால்சியமும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரைக்கும் இவற்றுக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாறிய 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து, தினமும் எவ்வளவு சோயா குடிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.