மனைவி பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல்

என் மனைவி பிலிப்பைன்ஸ்காரர், கத்தோலிக்கர். நான் ஏற்காடு, இந்து. "பொண்ணை மதம் மாறச் சொல்லு, கோயில்லயே முடிச்சிரலாம்" என்றார் சேலத்து மாமா. தேவையே இல்லை. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் அவரவர் மதத்தோடே பதியலாம். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் பொறுக்கணும், மூன்று சாட்சி வேணும். அது சுலபமாக முடிந்தது.

மாட்டியது அப்புறம். மனைவியின் விசாவை மாற்றக் கேட்ட விண்ணப்பம் இரண்டு முறை திரும்பியது: ஆவணம் பொருந்தவில்லையாம். சேலம் ஐந்து ரோட்டில் போட்டோவை மறுபடி எடுத்தோம். திருமணச் சான்றிதழைப் பெரிதாக ஸ்கேன் செய்தோம். ம்ஹூம்.

ஒன்பதாம் நாள் ராத்திரி பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். சான்றிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'ஆர்.'! திருமண மனுவைத் தட்டச்சு செய்தவர் நம்மூர் வழக்கப்படி அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டிலோ குடும்பப்பெயர் ஒரு வரி, அம்மா பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் இன்னொரு வரி. இனிஷியல் என்பதே கிடையாது. கையெழுத்துப் போட்ட நானும் கவனிக்கவில்லை. நமக்கு இனிஷியல் இருந்தால் உறுத்தாது, இல்லாவிட்டால்தானே உறுத்தும்.

பாஸ்போர்ட் நகலோடு திருத்த மனு கொடுத்தேன். அதில் உள்ளபடியே பெயர் போட்ட சான்றிதழை வாங்கி ஏற்றினேன். மூன்றாம் முறை திரும்பி வரவில்லை. அப்பாடா.