கொழும்புப் பாடசாலை வளவுக்குள் குருவியும் வண்ணத்துப்பூச்சியும் வர

முதல் வேலை கன்று நடுவதல்ல, கன்டீன் குப்பைத்தொட்டிக்கு மூடி போடுவது.

கொழும்பில் காகத்துக்குக் குறைவில்லை. இடைவேளை மணி அடித்துக் கால் மணித்தியாலத்தில் சோற்றுப் பார்சலில் மிஞ்சியதெல்லாம் திறந்த தொட்டிக்குள் விழும். அதை நம்பியே ஒரு காகக் கூட்டம் வளவுக்குள் குடியிருக்கும். கொண்டைக்குருவியின் முட்டையையும் தேன்சிட்டின் குஞ்சையும் தூக்குவதும் அதே காகம்தான். அதற்குத் தீன் போட்டுக்கொண்டு எத்தனை பூமரம் வைத்தாலும் சின்னக் குருவிகள் தங்காது. ஆகவே மூடியுள்ள தொட்டி இரண்டு வாங்குங்கள், சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்தார்கள், புத்தகப்பைகளுக்குள் அது இன்னும் வாழ்கிறது. பெற்றோர் கூட்டத்தில் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது, கூட்டுவதைக் குறைப்பது. இதுதான் கஷ்டம். நான் உயிரியல் படிப்பிக்கிற ஆள், சுற்றாடல் கழகமும் என் தலையில்தான். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் மாரா மரத்தடியைக் கூட்டாமல் விடச் சொன்னதும் வளவு கூட்டும் அக்கா ஈர்க்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "டீச்சர், குப்பைய அப்படியே விட்டா அதிபர் என்னயத்தான் கேப்பாரு" என்றார். நியாயமான கேள்வி. அதிபரிடம் முதலில் பேசவேண்டியது நாங்கள்தான், அவரல்ல. பிறகு மரத்தைச் சுற்றி உரிமட்டையை வரிசையாகக் குத்தி ஒரு எல்லை போட்டோம். எல்லைக்குள் விழும் இலை அங்கேயே கிடக்கும், வெளியே விழுவதைக் கூட்டி உள்ளே தள்ளலாம். ஒரு சாண் உயரத்துக்கு மேல் நிற்காது, அடியில் உக்கிக்கொண்டே போகும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை வைத்தால் போதும், வருகிறவர்கள் அதைக் குப்பை என்று சொல்லமாட்டார்கள்.

இலைக்குவியலைக் கண்டதும் எல்லாரும் கேட்பது டெங்கு. 2017 இல் நாடு முழுக்க 186,000க்கு மேற்பட்ட நோயாளர் பதிவானதை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், அதாவது பாடசாலை நேரத்தில். ஆனால் அது மண்ணில் கிடக்கும் ஈர இலையில் பெருகுவதில்லை. தண்ணீர் தேங்கும் ஏனம் வேண்டும்: யோகட் கோப்பை, சிரட்டை, குடித்துவிட்டு வீசிய இளநீர்க் கோம்பை, கூரைப் பீலி, பழைய டயர். குழிந்து கிடக்கும் பெரிய ஈரப்பலா இலையும் இதில் சேர்த்தி, அதை எடுத்துக் கிழித்துப் போடுங்கள். முட்டை ஏனத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே ஊற்றினால் மட்டும் போதாது, உரஞ்சிக் கழுவவேண்டும். முட்டை நுளம்பாகக் கிட்டத்தட்ட ஒரு கிழமை முதல் பத்து நாள் எடுக்கும். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பாடவேளையில் ஒரு வகுப்பு வளவைச் சுற்றிவந்து கொப்பியில் எழுதி ஒப்பமிடவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதுதான் பீ.எச்.ஐ., வந்தால் முதலில் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள்.

பீலி என்றதும் இன்னொன்று. காகம் எச்சமிட்டுப் பீலிக்குள் அரசங்கன்று முளைக்கும். இரண்டு இலை விடும்போதே மண்ணோடு எடுத்து வேறிடத்தில் நட்டுவிடுங்கள். பௌத்தருக்கு அது புனித மரம், பெரிதானால் இந்த ஊரில் அதை வெட்ட ஆள் பிடிக்க முடியாது.

கூட்டாமல் விட்ட இடத்துக்கு யார் வருவார் என்று கேட்டால், மண்புழு, மரவட்டை, அரணை. அவற்றைத் தேடிப் புலுனிக் குருவிக் கூட்டம். ஒக்டோபருக்குப் பிறகு, அதிர்ஷ்டமிருந்தால், ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு மாரிக்கு இங்கே இறங்கும். வால் வெட்டிவிட்டதுபோலக் குட்டை. முதுகு பச்சை, கண்ணில் கறுப்புப் பட்டி, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஒரு தத்து, நிற்கும், அலகால் ஒரு இலையைப் புரட்டும், புழு இல்லையென்றால் அடுத்த இலை. ஏ/எல் பிள்ளைகள் ஆய்வுகூட ஜன்னலடியில் மூச்சுவிடாமல் நின்று பார்த்தார்கள். அன்று பாடம் நடக்கவில்லை. கூட்டிப் பெருக்கிய சீமெந்துத் தரையில் இந்தக் குருவிக்கு ஒரு வேலையும் இல்லை.

இனிக் கன்றுகள். கடையில் பூ பார்த்து வாங்காதீர்கள், புழு தின்னும் இலை பார்த்து வாங்குங்கள். தேன் குடிக்கப் பல பூக்கள் உதவும், முட்டையிட ஒரு சில செடிகள்தான் உதவும். கறிவேப்பிலையிலும் தேசியிலும் முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி கொழும்பில் எங்கும் உண்டு. அதன் புழு முதலில் பறவை எச்சம் மாதிரியிருக்கும், பிறகு இலைப்பச்சையாகும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பு இரண்டை நீட்டி ஒரு நாற்றம் விடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடப் பாடம் வேண்டாம். கன்டீன்காரரோடு உடன்படிக்கை செய்யுங்கள்: ஒரு கறிவேப்பிலை சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. எருக்கலையில் செம்மஞ்சள் நிறத்தது வரும், செடியின் பால் கண்ணில் படாமல் பார்க்கவேண்டும். மதிலோர நெட்டிலிங்கம் பச்சைப்புள்ளி வண்ணத்துப்பூச்சிக்குப் பிறந்தவீடு, ஒரேயடியாக மொட்டையடிக்க விடாதீர்கள்.

மரத்துக்கு இடம் முக்கியம். காலி வீதிக்குக் கடல்பக்கமாக இருந்தால் மே முதல் உப்புக்காற்று இளந்தளிரைக் கருக்கும். அங்கே புன்னை, பூவரசு, கொட்டம்பா. பொரளை, நாரஹேன்பிட்டப் பக்கம் நாவல், மகிழ், தண்ணீர் நிற்கும் மூலையில் மருது. உலக சுற்றாடல் தினமான ஜூன் 5 இல் படமெடுக்க நடுகிற கன்று ஓகஸ்ட் விடுமுறையில் அநாதை. ஒக்டோபர் மழையோடு நட்டால் காற்றும் அடங்கியிருக்கும், ஜனவரி, பெப்ரவரி வெயிலுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். நிற்கிற பலாவையோ ஈரப்பலாவையோ வெட்டுவதற்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். கட்டடக் குழுவுக்கு இதை ஞாபகப்படுத்த வெட்கப்படாதீர்கள்.

குளம் கட்ட எல்லாருக்கும் ஆசை. விடுமுறையில் பார்க்க ஆள் இல்லையென்றால் வேண்டாம். மண்சட்டியில் தண்ணீர் வைத்து இரண்டு நாளுக்கொருமுறை உரஞ்சிக் கழுவுங்கள், குருவிக்கு அது போதும். கட்டியே தீருவதென்றால் ஒரு பக்கம் சரிவாக, தவளை ஏறிவரக்கூடியதாக இருக்கட்டும். நுளம்புப் புழுவுக்குக் கப்பி மீன் விடலாம், ஆனால் அது வெளிநாட்டு மீன், மிஞ்சியதை வெள்ளவத்தைக் கால்வாயில் கொட்டவேண்டாம். ஆகாயத்தாமரையை அழகென்று கொண்டுவந்து, 1909 இலேயே அதற்கெதிராகச் சட்டம் போட்ட நாடு இது. நம் ஈரநிலத்தில் என்னென்ன இயல்பாக வளர்கிறது என்று பார்க்கப் பிள்ளைகளைப் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ தியசரு பூங்காவுக்கோ கூட்டிப்போங்கள். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச ஒப்பந்தத்தின்கீழ் கொழும்பு 2018 இல் ஈரநில நகரமானது அந்தச் சதுப்புகளால்தான்.

மழைநீர்க் கணக்கு சுலபம்: 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை 100 லீற்றர். ஒரு நல்ல மழைக்கே தாங்கி நிரம்பும். வாய்க்கு வலை கட்ட மறக்காதீர்கள்.

கடைசியாகப் பழைய மாணவர் சங்கம். நல்ல மனதோடு வருவார்கள், முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்துத் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாமென்று சொன்னால் கோபம். நடைபாதைக்கு மட்டும் கல், மதிலோரம் இரண்டு மீற்றர் மண், மரத்தடிகளில் வட்டம் என்று வரைபடத்தை முன்கூட்டியே கீறி, அதிபரின் ஒப்பத்தோடு கையில் கொடுத்துவிடுங்கள். பணம் கொடுக்கிறவருக்குக் கீறிய கோடு பிடிக்கும். அந்த வரைபடத்தின் ஒரு பிரதியையும், எந்தக் கன்று எந்த மாதம் நட்டது என்ற கொப்பியையும் நூலகரிடம் ஒப்படையுங்கள். ஆசிரியருக்கு இடமாற்றம் எப்போதும் வரலாம்.